கல்லுப்பட்டியில் ஒரு கணக்காளர்

கடையநல்லூரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் செல்பவர்கள் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைத் தாண்டி, திருமங்கலத்தை எட்டுவதற்கு முன் டி.கல்லுப்பட்டியைக் கடக்க வேண்டும். மாணவனாக, ஆய்வாளனாக, பின்னர் கல்லூரி ஆசிரியனாக நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சாலையில் போய் வந்திருக்கிறேன். கல்லுப்பட்டியில் பேருந்து நிற்கும்போது சன்னல் வழியாக வெள்ளரிப் பிஞ்சும் வேர்க்கடலையும் வாங்கியதுண்டு. ஒருமுறைகூட இறங்கியதில்லை.

அந்த ஊரிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி.குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாததன்று. இந்தியப் பொருளியல் சிந்தனை வரலாறு என்னும் தாளில் காந்தியப் பொருளியல் என்றொரு சிறு பிரிவு உண்டு. அதன் கடைசி வரியில் அவர் பெயர் இருக்கும். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மேல் அது வளர்ந்ததில்லை. பிரம்மானந்தா முதல் மகலனோபிஸ் வரை யார் யாரையோ மணிக்கணக்கில் நடத்திய நான், என் ஊரிலிருந்து அரைநாள் பயணத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு பொருளியல் அறிஞரின் ஒரு நூலையும் பணி ஓய்வு பெறும்வரை முழுதாகப் படித்ததில்லை. ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு, மதுரையிலிருந்து திரும்பும் வழியில், ஏதோ நினைவு தட்ட முதன்முறையாகக் கல்லுப்பட்டியில் இறங்கினேன். இந்தக் கட்டுரை அன்று தொடங்கிய வாசிப்பின் விளைவு.

குமரப்பா 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தார். தந்தை சாலமோன் துரைசாமி கார்னீலியஸ், பொதுப்பணித் துறை அலுவலர். தாய் எஸ்தர் இராசநாயகம். குழந்தைக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். கிறித்தவ நடுத்தரக் குடும்பம். ஒழுங்கும் ஆங்கிலக் கல்வியும் மிகுந்த வீடு. பிற்காலத்தில் கிராமப் பொருளாதாரத்தின் குரலாக அறியப்பட்ட இம்மனிதர், தம் முப்பத்தைந்தாம் வயதுவரை கிராமத்தைப் பற்றிப் பெரிதாக எண்ணிப் பார்த்ததற்குச் சான்றில்லை. முதல் உலகப் போருக்குச் சற்று முன் இலண்டன் சென்று கணக்காளர் பயிற்சி பெற்றார். தாயின் வற்புறுத்தலால் 1919-இல் நாடு திரும்பி, பம்பாயில் முதலில் ஓர் ஆங்கில நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர் கார்னீலியஸ் அண்ட் தாவர் என்ற தணிக்கை நிறுவனத்தைக் கூட்டாக நடத்தினார். மேலை உடை, மேலைப் பழக்கவழக்கம், நல்ல வருமானம். வாழ்க்கை அப்படியே போயிருந்தால் பம்பாயின் செல்வச் செழிப்புள்ள தணிக்கையாளர்களுள் ஒருவராக மறைந்திருப்பார்.

1927-இல் அமெரிக்கா சென்றார். சும்மா இருக்கப் பிடிக்காமல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். அடுத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் முதுகலை. அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், பொது நிதியியலில் உலகப் புகழ்பெற்ற எட்வின் செலிக்மன். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று ஒரு தேவாலயத்தில் குமரப்பா ஆற்றிய உரை நாளிதழில் செய்தியாக வந்தது. அதைப் பார்த்த செலிக்மன், வேறு தலைப்பை விட்டுவிட்டு இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு சொன்னார். மாணவனின் போக்கில் ஒரு பொறியைக் கண்டு அதை ஊதிவிடும் ஆசிரியர்கள் எல்லாக் காலத்திலும் குறைவு. அந்த வகையில் செலிக்மனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த ஆய்வு குமரப்பாவையே மாற்றியது. இந்திய அரசின் வரவு செலவுக் கணக்கை ஒரு தணிக்கையாளரின் கண்ணோடு பார்த்தபோது, அது ஆளப்படும் மக்களின் நலனுக்காக எழுதப்பட்ட கணக்கன்று என்பது அவருக்குத் தெளிவாயிற்று. வரி உழவனிடமிருந்து வருகிறது. செலவு இராணுவத்துக்கும், உயர் அதிகாரிகளின் ஊதியத்துக்கும், இலண்டனுக்கு அனுப்பும் கட்டணங்களுக்கும் போகிறது. தாதாபாய் நௌரோஜியும் ரமேஷ் சந்திர தத்தும் முன்பே சொன்னதுதான் இது. எனினும் அவர்களிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. கணக்கேடு எங்கே எதை மறைக்கும் என்பதைத் தொழில்முறையாக அறிந்தவர் இவர். குமரப்பாவின் வாழ்க்கை முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரைத் துறவியாகவும் இயற்கை நேசராகவும் காட்டுவோர் உண்டு. அவர் கடைசிவரை தணிக்கையாளராகவே இருந்தார். தணிக்கை செய்த நிறுவனம்தான் மாறியது.

1929-இல் நாடு திரும்பினார். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை மீண்டும் சூடிக்கொண்டார். தம் ஆய்வேட்டை வெளியிடுவது பற்றிப் பேச, அவ்வாண்டு மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். மேலை உடையும் கைத்தடியுமாகப் போனவர், குறித்த நேரத்துக்கு முன்னரே சென்றுவிட்டார். மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு முதியவர் இராட்டை சுற்றிக்கொண்டிருக்க, அவரை வேடிக்கை பார்த்தபடி நின்றார். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும், இறுக்கமான காற்சட்டையோடு தரையில் அமர முடியாமல் தடுமாறினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள். ஆய்வேட்டைப் படித்திருந்த காந்தி, அதை யங் இந்தியாவில் தொடராக வெளியிடப்போவதாகக் கூறினார். கூடவே ஒரு வேலையும் தந்தார். குஜராத்தின் சிற்றூர்களில் ஒரு பொருளாதார ஆய்வு நடத்த முடியுமா என்று கேட்டார்.

குஜராத் வித்யாபீடத்தின் பொறுப்பிலிருந்த காகா கலேல்கர் தயங்கினார். குஜராத்தி தெரியாத, மேனாட்டு உடையில் திரியும் இந்தத் தென்னாட்டுக்காரர் கிராமத்தில் என்ன செய்துவிட முடியும்? அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கேடா மாவட்டம் மாதர் வட்டத்தின் 54 கிராமங்களில் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு குமரப்பா நடத்திய கணக்கெடுப்பு, இந்திய ஊரக ஆய்வுகளில் முன்னோடியாக நின்றது. வீடு வீடாகச் சென்று வரவு, செலவு, கடன், கால்நடை, நிலத்தீர்வை ஆகியவற்றைப் பதிந்தார்கள். அதுவரை அரசு தன் வசதிக்கு ஏற்பத் தொகுத்த புள்ளிவிவரமே இருந்தது. உழவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கணக்கை அவன் நோக்கில் எழுதும் முயற்சிகள் அன்று அரிது. புள்ளியியல் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: கள ஆய்வில் வினாப்பட்டியலைத் தயாரிப்பவர் எங்கே நிற்கிறார் என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடும்.

உப்புச் சத்தியாகிரக காலத்தில் யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார், சிறை சென்றார். 1931-இல் இந்தியா பிரிட்டனுக்குப் பட்டிருப்பதாகச் சொல்லப்பட்ட கடனை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவில் முக்கியப் பங்கு வகித்தார். அந்த அறிக்கை அவருடைய தொழில்திறனுக்குச் சிறந்த சான்று. 1857-இன் எழுச்சியை ஒடுக்க ஆன செலவு இந்தியாவின் பற்றில் எழுதப்பட்டிருந்தது. அபிசீனியா போன்ற தொலைநாட்டுப் படையெடுப்புகளின் செலவில் ஒரு பங்கும் அவ்வாறே. அடிப்பவன் தன் பிரம்பின் விலையை அடிபட்டவனிடம் வசூலிக்கும் கணக்கு அது. ஆவேசம் ஏதுமின்றி, ஒவ்வோர் இனமாக எடுத்து, இது செல்லும், இது செல்லாது என்று பிரித்துக் காட்டியது அக்குழு.

அவர் குணத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 1934-இல் நடந்தது. அவ்வாண்டு ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. இராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்து, நாடெங்கிலுமிருந்து நிதி குவிந்தது. அந்த நிதியின் கணக்கைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் நாள்செலவுக்கு மிகச் சிறிய தொகையை வரம்பாக வைத்தார். ஒரு கூட்டத்துக்காகக் காந்தி தம் குழுவினருடன் பாட்னா வந்தார். அவர்களின் உணவுக்கும் வண்டிச் செலவுக்கும் நிவாரண நிதியிலிருந்து பணம் தர இயலாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று மகாதேவ் தேசாயிடம் குமரப்பா தெரிவித்துவிட்டார். காந்தி அழைத்துக் கேட்டார். நிதி எதற்காகத் திரட்டப்பட்டதோ அதற்கு மட்டுமே செலவிட முடியும் என்பதைத் தவிர குமரப்பாவிடம் வேறு பதில் இல்லை. காந்தி அதை ஏற்றுக்கொண்டார். அந்த மறுப்பைப் போலவே இந்த ஏற்பும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பேரிடர் நிதிகளின் கணக்கைப் பற்றிய செய்திகளை நாளிதழில் படிக்கும்போதெல்லாம் பாட்னாவின் அந்த மேசை என் நினைவுக்கு வருகிறது.

அதே ஆண்டின் இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் வார்தாவில் வழங்கிய இடத்தில், மகன்வாடி என்ற பெயரில் சங்கம் இயங்கியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் அவர் வாழ்வின் விளைச்சல் காலம். செக்கு, உரல், காகிதத் தொட்டி, தேனீப் பெட்டி, பனைவெல்லக் கொப்பரை, தோல் பதனிடும் தொட்டி ஆகியவற்றுக்கு நடுவே வாழ்ந்தார். இவற்றைப் பழமையின் சின்னங்களாக அவர் போற்றவில்லை. செக்கைத் திருத்தி அமைத்தார்கள். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கை உருவாக்கினார்கள். மண்ணெண்ணெய் வெளிநாட்டிலிருந்து வருவது. எண்ணெய் வித்து பக்கத்து வயலில் விளைவது. ஒரு விளக்கின் திரியைக்கூட அந்நியச் செலாவணிக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தவர் அவர். நடுவில் வேட்டியையும் பைஜாமாவையும் இணைத்துத் தமக்கென ஓர் உடையைத் தைத்துக்கொண்டு, அதற்கு வேட்டிஜாமா என்ற பொருளில் பெயரும் வைத்தார். துணி குறைவு, தையற்கூலி குறைவு என்று அதற்கும் கணக்குச் சொன்னாராம். திருமணம் செய்துகொள்ளவில்லை. முன்கோபி என்றும் பெயர் எடுத்திருந்தார்.

அரிசியைப் பற்றி அவர் எழுதியவற்றை இன்று படிப்பவர்கள் வியப்படைவார்கள். ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியில் தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது. கைக்குத்தல் அரிசியே நல்லது என்றார். இன்று கடையநல்லூரிலேயே அப்படிப்பட்ட அரிசி அழகிய பையில் கிடைக்கிறது. மரச்செக்கு எண்ணெய்க் கடைகளுக்கும் குறைவில்லை. சர்க்கரை நோயாளியான நானும் வாங்குகிறேன். குமரப்பா வென்றுவிட்டார் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய கேள்வியில் பாதிதான் உடல்நலம். ஆலை வருமுன் நெல் குத்திய கூலி எத்தனை வீடுகளுக்குப் போயிற்று, ஆலை வந்தபின் அந்த வருமானம் எந்த ஒரு வீட்டில் போய்ச் சேர்ந்தது என்பது மறுபாதி. இன்றைய பையிலுள்ள அரிசியும் இயந்திரத்தில் மேலோட்டமாகத் தோல் நீக்கியதுதான். சத்து திரும்பிவிட்டது, வசதியுள்ளவனின் தட்டுக்கு. கூலி திரும்பவில்லை.

விலை என்பது ஒரு பொருளின் முழுக் கணக்கு அன்று என்பதே அவர் பொருளியலின் மையம். கோகோவை எடுத்துக்காட்டாக வைத்து ஓரிடத்தில் விளக்குகிறார். ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பில் விளைந்து, போர்க்கப்பல்கள் காவல் காக்கும் கடல் வழியே சென்று, குறைகூலி ஆலையில் பொடியாகி, அரசியல் அதிகாரத்தால் சாதகமாக்கப்பட்ட சுங்கவரியில் நம் ஊருக்கு வருகிறது என்றால், அந்தக் குவளையைக் கையில் எடுப்பவர் இத்தனைக்கும் பங்காளி ஆகிறார். மலிவு என்பது, யாரோ ஒருவர் தம் கணக்கில் எழுதிக்கொண்ட செலவு. நாங்கள் வகுப்பில் புறவிளைவுகள் என்ற தலைப்பில் பிகூவின் கோட்பாட்டைக் கரும்பலகையில் வரைபடமாகப் போட்டு நடத்துவோம். ஆலைப் புகைக்கு வரி விதித்தால் சமநிலை எங்கே நகரும் என்று மாணவர்கள் அழகாக வரைவார்கள். குமரப்பா அதே கருத்தைக் கோப்பையளவுக்குக் கொண்டுவந்து குடிப்பவரின் மடியில் வைக்கிறார். வரைபடத்தைவிட இது சங்கடமானது.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் எழுதிய ஒரு கட்டுரை அவரை மீண்டும் சிறைக்கு அனுப்பியது. ரொட்டி கேட்ட பிள்ளைக்குக் கல்லைக் கொடுப்பது பற்றிய விவிலிய உவமையைத் தலைப்பாகக் கொண்ட கட்டுரை அது. இந்தியாவிலிருந்து தானியத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு, பதிலாக இலண்டனில் வைத்த பத்திரங்களைக் காட்டி இங்கே காகிதப் பணத்தை அச்சடிக்கிறார்கள் என்பதே அதன் சாரம். போர் முடிந்தபோது இந்தியாவுக்குச் சேர வேண்டிய ஸ்டெர்லிங் இருப்பு சுமார் 130 கோடி பவுண்டாக இருந்தது. நாணயச் சுற்றோட்டம் பெருகி விலைகள் ஏறின. 1943-இல் வங்கத்தில் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. அப்பஞ்சத்தில் போர்க்காலப் பணவீக்கத்தின் பங்கைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் அமர்த்தியா சென் விரிவாக ஆராய்ந்தார். நான் அதைத்தான் படித்தேன், நடத்தினேன். நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே அந்தக் கணக்கின் முறைகேட்டைக் கண்டு சொல்லிச் சிறை சென்ற தமிழரைப் பற்றி என் மாணவர்களுக்கு நான் ஒன்றும் சொன்னதில்லை.

ஜபல்பூர் சிறையில்தான் அவருடைய முதன்மை நூலான நிலைத்த பொருளாதாரம் உருவானது. இயற்கையில் காணும் உயிர்களை வைத்துப் பொருளாதாரங்களை ஐந்தாகப் பிரிக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலியின் வழி ஒன்று. தோப்பில் பழத்தைப் பறித்துவிட்டுப் போகும் குரங்கின் வழி இரண்டாவது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ என்று ஏறி, கைம்மாறு எதிர்பாராமல் குஞ்சைக் காக்கும் தாயில் முடிகிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் தேங்கிய நீருக்கும், மரத்தையும் மாட்டு உழைப்பையும் ஓடும் நீருக்கும் ஒப்பிட்டு, தேக்கத்தை நம்பிய பொருளாதாரம் சண்டையில் முடியும் என்றார். சுற்றுச்சூழல் என்ற சொல் பாடத்திட்டத்தில் நுழைவதற்கு ஒரு தலைமுறைக்கு முன் எழுதியது இது. 1973-இல் ஷூமாக்கர் தம் புகழ்பெற்ற நூலில் குமரப்பாவை எடுத்தாண்ட பிறகுதான் நம்மவர் சிலருக்கு அவர் நினைவு வந்தது.

இந்நூலுக்கும், ஏசுவின் போதனைகளைப் பற்றி அவர் எழுதிய மற்றொரு நூலுக்கும் முன்னுரை தந்த காந்தி, வேடிக்கையும் அன்பும் கலந்து அவருக்கு இரண்டு முனைவர் பட்டங்களை வழங்கினார். ஒன்று இறையியலுக்கு, மற்றது கிராமத் தொழில்களுக்கு. எந்தப் பல்கலைக்கழகமும் தராத பட்டங்கள்.

குமரப்பா சொன்ன அனைத்தையும் நான் ஏற்கவில்லை. நெல் குத்துவது பெண்களின் தோளை ஒடித்த உழைப்பு. என் பாட்டி விடியுமுன் உலக்கையைத் தூக்கியவர். ஆலை வந்த நாளை அவர் விடுதலை நாளாகவே நினைத்திருப்பார். வேதி உரத்தையும் டிராக்டரையும் பற்றிய அவருடைய எச்சரிக்கை பெரிதும் சரி. ஆயினும் 1960-களின் உணவுப் பற்றாக்குறையைப் பார்த்தவர்கள் விளைச்சல் பெருக்கத்தை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கிராமம் என்றால் சாதி. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைப் பற்றிச் சொன்ன கடுமையான தீர்ப்புக்கு, குமரப்பாவின் நூல்களில் போதிய விடை இல்லை. தோல் பதனிடும் முறையைச் செம்மைப்படுத்த அவர் எடுத்த அக்கறை பெரிது. தோல் பதனிடுபவர் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார் என்ற கேள்வி அவருடைய கணக்கேட்டில் தனிப் பத்தியாக இடம்பெறவில்லை. பிறர் கணக்கில் விடுபட்டதை இவ்வளவு கூர்மையாகக் கண்டவர் தம் கணக்கில் விட்ட இடம் அது.

விடுதலைக்குப் பின் அவர் ஒதுக்கப்பட்டார் என்று சொல்வது வழக்கம். முழு உண்மை அன்று. காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். 1949-இல் வெளிவந்த அதன் அறிக்கை, உழுபவனுக்கே நிலம், குத்தகைக்கு விடத் தடை, நில உச்சவரம்பு என்று தெளிவாகப் பேசியது. ஏழைகளின் சார்பாக ஆளுங்கட்சியே வெளியிட்ட துணிவான ஆவணங்களுள் அது ஒன்று. அதன் பெரும்பகுதி மாநிலச் சட்டமன்றங்களின் நுழைவாயிலிலேயே கரைந்துபோயிற்று. முன்பு 1938-இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் சேர்ந்து, தம் நோக்குக்கு அங்கே இடமில்லை என்று சில மாதங்களிலேயே விலகியவர் அவர். இப்போதும் அதுவே நேர்ந்தது. 1951-இல் சீனா சென்று அங்கு நடந்த நிலச் சீர்திருத்தத்தைப் பாராட்டி எழுதியதில் பழைய நண்பர்கள் சிலரும் முகம் சுளித்தார்கள். எந்த அணியிலும் பொருந்தாதவராக, உயர் இரத்த அழுத்தத்தோடு, 1950-களில் கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். ஜி.வெங்கடாசலபதி 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் அவருக்கு ஒரு குடிலைத் தந்தது.

பூதானப் பயணமாகத் தமிழகம் வந்த வினோபா அந்தக் குடிலுக்குச் சென்றார். சுவரில் ஒரு படம் தொங்கியது. காந்தியின் படமாக இருக்கும் என எதிர்பார்த்தவருக்கு, ஓர் ஏழை உழவனின் படம் காட்சி தந்தது. காந்தி தம் தலைவர் என்றும், இவர் அந்தத் தலைவருக்கும் தலைவர் என்றும் குமரப்பா விளக்கினாராம். தணிக்கையாளர் யாருக்கு அறிக்கை அளிக்க வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததே இல்லை. 1960 ஜனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளிலேயே, தம் 68-ஆம் வயதில் மறைந்தார்.

நான் கல்லுப்பட்டியில் இறங்கிய அன்று வெயில் கடுமையாக இருந்தது. ஆசிரமத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்க மாட்டேன். திரும்பும் பேருந்தில் என்னை உறுத்தியது குமரப்பா அல்லர், என் ஆய்வேடு.

என் தந்தையார் கடையநல்லூரில் குழித்தறி நெய்தவர். வீட்டின் முன்னறையில் தறி இருந்தது. அதன் ஒலிதான் எங்கள் வீட்டின் கடிகாரம். அம்மா இராட்டையில் தார் சுற்றுவார், நானும் தம்பியும் பள்ளி விட்டு வந்து பாவுக்கு உதவுவோம். எழுபதுகளின் இறுதியில், சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறிகள் பெருகிய காலத்தில், அவர் தறியைக் கழற்றினார். பிறகு வெளியூரில் ஒரு கடையில் காவலராக இருந்தார். வருமானம் என்று பார்த்தால் முன்பைவிடச் சற்று அதிகம். நான் அப்போது கல்லூரி மாணவன். பத்தாண்டுகள் கழித்து, அன்றைய திருநெல்வேலி மாவட்டக் கைத்தறியின் உற்பத்தித்திறனைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றேன். ஒரு மணி நேர உழைப்புக்கு எத்தனை மீட்டர், ஒரு ரூபாய் முதலுக்கு எவ்வளவு மதிப்பு என்று அட்டவணைகள் போட்டேன். கைத்தறி திறன் குறைந்தது, உழைப்பு வேறு துறைக்கு நகர்வதே நலம் என்பது முடிவு. தேர்வாளர்கள் பாராட்டினார்கள். அந்த முடிவு எண்ணளவில் தவறானது என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன்.

அதே ஆய்வேட்டை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு, குமரப்பா தணிக்கை செய்தால் எந்தெந்த இனங்களைச் சேர்த்திருப்பார் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். நகர்ந்த உழைப்பு எங்கே போயிற்று? எங்கள் ஊரில் அது முதலில் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும், பின்னர் வளைகுடாவுக்கும் போயிற்று. வந்த பணத்தில் தெருவெல்லாம் மாடி வீடுகள் எழும்பின. என் அட்டவணையின்படி அது ஆதாயம். தகப்பன் முகம் காணாமல் வளர்ந்த பிள்ளைகளை எந்தப் பத்தியில் எழுதுவது? அம்மா சுற்றிய தாருக்கு என் கணக்கில் கூலியே இல்லை; குடும்ப உழைப்பு என்று ஒரே சொல்லில் கடந்திருக்கிறேன். அதற்கு உரிய கூலியைப் போட்டால் கைத்தறியின் நட்டம் இன்னும் கூடும், குறையாது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். விசைத்தறிக்குக் கிடைத்த மின்சாரச் சலுகையை நான் செலவாகச் சேர்க்கவில்லை. கைத்தறிக்குக் கிடைத்த தள்ளுபடி மானியத்தை மட்டும் கவனமாகக் கழித்திருக்கிறேன்.

சென்ற மாதம், எங்கள் தெருவில் எஞ்சியிருக்கும் பழைய நெசவாளர் ஒருவரிடம் இந்த நோட்டோடு போய் உட்கார்ந்தேன். வயது எண்பதைத் தாண்டியவர்; தந்தையாரோடு ஒரே சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். தறியை விட்டதில் என்ன இழந்தீர்கள் என்று கேட்டேன். காலுக்கு ஓய்வு கிடைத்தது, அது நல்லது என்றார். சற்று நேரம் கழித்து, தறியில் இருந்தவரை வீட்டுக்கு வருகிறவர்கள் தம்மிடம் பேசிவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்றார். அதை எந்த அலகில் எழுதுவது என்று தெரியாமல், அப்படியே குறித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டு முன்னறையில் தறிக்குழி இருந்த இடத்தை மூடித் தளஓடு பதித்துவிட்டோம். இப்போது அங்கே குளிர்பதனப் பெட்டி நிற்கிறது.